ஆபீசிலேயே தூங்கிய பயிற்சியாளர்: ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக இதை எழுதுகிறேன்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் மூன்று அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஒருவரைப் பற்றியது இது. 46 வயதில், மனத்தளவில் எரிந்து போய்விட்டேன் என்று சொல்லி வேலையை விட்டார். 14 பருவங்கள் களத்துக்கு வெளியே இருந்தார். 60 வயதில் திரும்பி வந்து, முதல் இரண்டு ஆண்டுகள் பழைய முறையிலேயே அணியை நடத்தித் தோற்றார். மூன்றாம் ஆண்டில் முறையை மாற்றினார். அந்த ஆண்டு சாம்பியன் பட்டம் கிடைத்தது.

பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். இந்த விளையாட்டைப் பார்க்கிறவர்களுக்கு யார் என்று உடனே தெரிந்துவிடும். எல்லாமே ஊரறிந்த செய்திதான். ஆனாலும் பெயர் வந்துவிட்டால் பேச்சு புகழ்ச்சிக்குப் போய்விடுகிறது. அவர் எந்த இடத்தில் என்ன முடிவெடுத்தார், ஏன் எடுத்தார் என்பதுதான் இங்கே வேண்டும். விளையாட்டுப் பயிற்சி கொடுப்பவர்கள், பள்ளி நடத்துபவர்கள், பத்துப் பேரை வைத்து வேலை வாங்குபவர்கள் எல்லோருமே இந்த இடங்களில் ஏதாவது ஒன்றில் நின்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பின்னணி

கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் கலிஸ்டோகா என்ற சிற்றூரில் 1936இல் பிறந்தவர். வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் கார் பழுதுபார்க்கும் பட்டறை. விடியற்காலையில் தொடங்கி ராத்திரி வரை உழைக்கும் அப்பாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. உழைப்பைப் பற்றி அவர் பின்னாளில் பேசும்போதெல்லாம் அந்தப் பட்டறை பேச்சில் வந்துவிடும்.

படிப்படியாக ஏறி வந்தவர். 1960களின் தொடக்கத்தில் உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர், அப்புறம் நாபாவில் இரண்டாண்டுக் கல்லூரி, பிறகு ஸ்டான்ஃபோர்டில் உதவிப் பயிற்சியாளர். 1969இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி அவரைச் சிறப்பு அணிகளுக்கென்று தனியாக நியமித்தது. பந்தை உதைத்துக் கொடுப்பது, உதைத்து வந்த பந்தை எடுத்து ஓடுவது போன்ற கட்டங்களுக்கு மட்டும் இறங்கும் ஆட்டக்காரர்களைத்தான் சிறப்பு அணி என்கிறார்கள். அதற்கென்றே ஒரு பயிற்சியாளர் என்பது என்எஃப்எல்லில் அப்போது புதுசு.

1974இல் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரானார். இரண்டாம் பருவத்தில், 1976 ஜனவரி 1 அன்று, ரோஸ் பவுல் ஆட்டத்தில் நாட்டின் முதலிட அணியான ஒஹாயோ ஸ்டேட்டை 23-10 என்று வென்றார்கள். அதே பருவத்தில் சில மாதங்களுக்கு முன் அதே அணியிடம் 41-20 என்று தோற்றிருந்தார்கள். அந்த வெற்றிதான் என்எஃப்எல் அணியான பிலடெல்பியா ஈகிள்ஸின் கதவைத் திறந்தது.

பிலடெல்பியா, 1976 முதல் 1980 வரை

அவர் போய்ச் சேர்ந்த அணி 1960இல் சாம்பியன் ஆனது. அதற்குப் பிறகு ஒருமுறைகூடப் பிளேஆஃப் பக்கம் (பருவ முடிவில் சிறந்த அணிகள் மட்டும் ஆடும் வெளியேற்றுச் சுற்று) எட்டிப் பார்க்கவில்லை. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. என்எஃப்எல்லில் கல்லூரி வீரர்களை டிராஃப்ட் என்ற முறையில் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பார்கள். நல்ல வீரர்கள் முதல் சுற்றிலேயே போய்விடுவார்கள். முந்தைய நிர்வாகம் மற்ற அணிகளோடு செய்த பழைய வீரர் மாற்று வியாபாரங்களில் அந்த முதல் சுற்று உரிமைகளை எல்லாம் கொடுத்துவிட்டிருந்தது. ஆகவே அவருடைய முதல் மூன்று ஆண்டுகளில் முதல் சுற்றுத் தேர்வு ஒன்றுகூட இல்லை. திறமையை வாங்க வழியில்லாதபோது, இருப்பவர்களை வைத்து எதிரணியைவிட அதிகம் உழைப்பது ஒன்றுதான் கையில் இருந்தது.

அதை அவர் முழுமூச்சாகச் செய்தார். நீண்ட பயிற்சிகள், கடுமையான முகாம்கள். முதல் ஆண்டிலேயே, கல்லூரியில் கால்பந்தே ஆடியிராத, மதுக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த 30 வயதுக்காரர் ஒருவரைச் சோதித்துப் பார்த்து அணியில் சேர்த்தார். பந்தை ஏந்தி ஓடும் ஓட்டக்காரர்களில், ஆறாம் சுற்று வரை யாரும் தொடாத ஒருவரை 1977இல் எடுத்தார். ராம்ஸில் ஆட வாய்ப்பில்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு குவார்ட்டர்பேக்கையும் (தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறிபவர்) அதே ஆண்டு வியாபாரத்தில் கொண்டு வந்தார்.

பலன் தெரிந்தது. 1976இல் 4 வெற்றி, 10 தோல்வி. 1977இல் 5-9. ஆட்டங்கள் 16 ஆக உயர்ந்த 1978இல் 9-7, பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு பிளேஆஃப். 1979இல் 11-5. 1980இல் 12-4. 1981 ஜனவரியில், நடுங்கும் குளிரில், அந்த ஆறாம் சுற்று ஓட்டக்காரர் 194 கஜம் ஓட, டாலஸ் கவ்பாய்ஸை 20-7 என்று வீழ்த்தி, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்குப் போனார்கள்.

இந்த ஐந்து ஆண்டுகளை நான் குறை சொல்ல மாட்டேன். கையில் வேறு ஆயுதம் இல்லாதவர் இருந்த ஆயுதத்தை எடுத்தார், அது வேலை செய்தது. பின்னால் வந்த சிக்கலுக்கு வேர் இந்த வெற்றிக்குள்ளேதான் இருக்கிறது. நேரம் போட்டால் ஜெயிக்கலாம் என்பது அவருக்கு வெறும் நம்பிக்கையாக இல்லாமல், ஐந்து ஆண்டுகளாகக் கண்ணால் கண்டதாக ஆகிவிட்டது.

கவனித்தவை: வேலை ஏன் முடிவதே இல்லை

இந்த வேலையின் தன்மையைக் கொஞ்சம் விளக்கினால்தான் நடந்தது புரியும். அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு நகர்வும் முன்கூட்டியே எழுதப்பட்டது. 11 பேருக்கும் தனித்தனி வேலை. சில விநாடிகள் ஆடுவார்கள், நிற்பார்கள், அடுத்த நகர்வைக் கூப்பிடுவார்கள். பருவம் முழுக்க வாரத்துக்கு ஒரே ஆட்டம். அந்த ஒரு ஆட்டத்துக்கு எதிரணியின் முந்தைய ஆட்டங்களைப் படச்சுருளில் ஓட்டி, நிறுத்தி, திருப்பி ஓட்டி, எந்த நிலையில் என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அப்போது கணினி கிடையாது. புரொஜெக்டரும் சுருளும்தான்.

ஞாயிறு ஆட்டம். திங்களன்று முந்தைய நாள் படத்தைப் பார்த்துத் திருத்தம் சொல்ல வேண்டும். செவ்வாய் பெரும்பாலும் வீரர்களுக்கு ஓய்வு, பயிற்சியாளர்களுக்கோ அதுதான் மிக நீண்ட நாள். அடுத்த ஆட்டத்துக்கான திட்டம் அன்றைக்குத்தான் பிறக்கிறது. புதனிலிருந்து களப் பயிற்சி. பார்க்க வேண்டிய படம் இன்னொன்று எப்போதும் மிச்சம் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு நிறுத்தினால், மூன்று மணி வரை பார்த்திருந்தால் ஒன்று சிக்கியிருக்குமோ என்று மனசு கேட்கும். போதும் என்று சொல்ல அந்த வேலைக்குள் எந்த மணியும் அடிப்பதில்லை.

அவர் வாரத்தில் பல இரவுகள் வீட்டுக்குப் போகாமல் ஸ்டேடியத்தில் இருந்த ஆபீசிலேயே படுத்துக்கொண்டார். உணர்ச்சியை மறைக்கத் தெரியாத மனிதர். வீரர்கள் முன்னாலேயே கண் கலங்குவார். ஒவ்வொரு தோல்வியையும் தன் குற்றமாகவே சுமந்தார். நேரத்தை மட்டும் எண்ணிப் பார்த்தால் இந்தப் பாதி கண்ணில் படாது. அதே மணிநேரம் உழைத்தும் தோல்வியைக் களத்திலேயே விட்டுவிட்டு வரத் தெரிந்தவர்கள் அந்த லீக்கில் இருந்தார்கள். இவருக்கு அது வரவில்லை.

1981 ஜனவரி, நியூ ஆர்லியன்ஸ். சூப்பர் பவுல் வாரத்தில் எதிரணியான ஓக்லண்ட் ரெய்டர்ஸின் ஆட்டக்காரர் ஒருவர் ராத்திரி ஊர் சுற்றியது செய்தியானது. என் அணியில் இருந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் என்றார் நம் பயிற்சியாளர். ஆட்டத்தில் இவர்களுடைய குவார்ட்டர்பேக்கின் மூன்று பந்துகளை ஒரே தடுப்பாளர் பறித்தார். 27-10 என்று தோல்வி. ஒரு அணி இறுக்கமாகவும் இன்னொன்று தளர்வாகவும் வந்ததுதான் காரணம் என்று அப்போதே பலர் பேசினார்கள். அது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நாள் ரெய்டர்ஸ் அருமையாக ஆடினார்கள். ஆனால் அந்தத் தோல்விக்கு அவர் கண்ட மருந்து இன்னும் அதிக உழைப்பு என்பதுதான் கவலையான விஷயம்.

முதல் முடிவு: 1983 ஜனவரி

1981இல் முதல் 6 ஆட்டங்களிலும் வெற்றி. பருவத்தின் பின்பாதியில் அணி தளர்ந்தது. 10-6 என்று முடித்து, பிளேஆஃப் முதல் ஆட்டத்திலேயே வெளியேறினார்கள். 1982இல் வீரர்களின் வேலைநிறுத்தம் 57 நாள் நீடித்தது. பருவமே 9 ஆட்டங்களாகச் சுருங்கி, அதில் 3-6.

1983 ஜனவரியில் ராஜினாமா. உணர்ச்சியளவில் எரிந்து தீர்ந்துவிட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். இன்று பர்ன்அவுட் என்ற சொல் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அன்றைக்கு அப்படி இல்லை. ஓர் உளவியலாளர் அந்தச் சொல்லை வேலைக் களைப்புக்குப் பயன்படுத்தி எழுதியது 1974இல்தான். உலக சுகாதார நிறுவனம் அதைத் தொழில் சார்ந்த நிலையாகத் தன் நோய் வகைப்பாட்டில் விளக்கியது 2019இல். ஆண்மையும் தாங்கும் சக்தியுமே பெருமை என்றிருந்த விளையாட்டில், 46 வயதுத் தலைமைப் பயிற்சியாளர் அதைத் தன் வாயால் சொன்னது பெரிய துணிச்சல். இந்த நிகழ்வில் நான் மிகவும் மதிக்கும் முடிவும் இதுதான். உடல்நிலை, குடும்பக் காரணம் என்று ஏதாவது சொல்லி மூடியிருக்கலாம். செய்யவில்லை.

இடைவெளி

அடுத்த 14 பருவங்கள் தொலைக்காட்சியில் ஆட்ட வர்ணனை, மேடைப் பேச்சு. வேறு அணிகளிலிருந்து அழைப்புகள் வந்தன, போகவில்லை. ஓய்வு கிடைத்தது, நலமானார். ஆனால் இந்த ஆண்டுகளில் அவர் ஒரு அணியை வேறு விதமாக நடத்திப் பார்க்கவில்லை. நடத்த அணியே இல்லையே! களைப்பு தீர்ந்தது. களைப்பைக் கொண்டு வந்த பழக்கம் அப்படியே உள்ளே இருந்தது. அடுத்து நடந்ததைப் பார்க்கும்போது இந்த வேறுபாடுதான் எனக்கு இந்த நிகழ்வின் நடு நரம்பாகத் தெரிகிறது.

திரும்பி வந்தது: செயின்ட் லூயிஸ், 1997, 1998

ராம்ஸ் அணி 1995இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து செயின்ட் லூயிஸுக்குக் குடிபெயர்ந்திருந்தது. 1990லிருந்து ஒவ்வொரு பருவமும் வெற்றியைவிடத் தோல்வி அதிகம். 1997 தொடக்கத்தில் அவரைக் கூப்பிட்டார்கள். வயது 60.

அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தோற்கும் அணியா, நீண்ட பயிற்சி. களத்தில் மணிக்கணக்காக, முட்டி மோதும் பயிற்சிகள். பிலடெல்பியாவில் பலித்தது இங்கே பலிக்கவில்லை. 1997இல் 5-11, 1998இல் 4-12.

காரணம் அவருடைய வயது என்றார்கள் பத்திரிகையாளர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடுவில் விளையாட்டே மாறியிருந்தது. 1993லிருந்து ஒப்பந்தம் முடிந்த வீரர் விரும்பிய அணிக்குப் போகலாம். அணியின் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு வந்தது. 1976 வீரருக்கு வேறு வழி கிடையாது, கோச் சொன்னதைச் செய்தார். 1998 வீரருக்கு வாசல் திறந்திருந்தது. கால்கள் புதன்கிழமையே ஓய்ந்துவிடுகின்றன, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றும் மிச்சமில்லை என்ற முணுமுணுப்பு வெளியே கேட்கும் அளவுக்கு வந்தது. 1998 முடிவில் அவரை நீக்கிவிடுவார்கள் என்றே பலர் எதிர்பார்த்தார்கள்.

இரண்டாம் முடிவு: 1999இல் மாற்றியவை

அவர் நீக்கப்படவில்லை. வீரர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். பயிற்சி நேரத்தைக் குறைத்தார், மோதல் பயிற்சிகளைக் குறைத்தார். 62 வயதில், அப்பாவின் பட்டறையிலிருந்து கொண்டு வந்த நம்பிக்கையின் ஒரு பகுதியை இறக்கி வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். உழைப்பு தப்பு என்று அவர் முடிவுக்கு வரவில்லை. களைத்த காலால் செய்யும் உழைப்பு கணக்கில் சேராது என்று ஏற்றுக்கொண்டார்.

அடுத்தது, தாக்குதல் ஆட்டத்தை ஒருங்கிணைக்க வாஷிங்டனிலிருந்து வந்த புதிய பயிற்சியாளரிடம் அதை உண்மையாகவே ஒப்படைத்தார். திட்டமும் நகர்வுகளும் அவர் கையில். தலைமைப் பயிற்சியாளர் வீரர்களைப் பார்த்துக்கொண்டார். அதுதான் அவருக்கு இயல்பாக வரும் வேலை. பிலடெல்பியாவில் இந்த இரண்டையும் ஒரே ஆளாகச் சுமந்திருந்தார்.

ஆட்களும் வந்தார்கள். இண்டியானாபொலிஸிலிருந்து ஒரு சிறந்த ஓட்டக்காரர் இரண்டாம் சுற்று, ஐந்தாம் சுற்று உரிமைகளுக்கு மட்டும் கிடைத்தார். டிராஃப்டின் ஆறாவது இடத்தில் வேகமான பந்து பிடிப்பாளர் ஒருவர். புதிய குவார்ட்டர்பேக்கும் ஒப்பந்தமானார். இதை மறைத்து, பயிற்சி நேரத்தைக் குறைத்ததால்தான் வென்றார்கள் என்று சொன்னால் அது நேர்மையாகாது.

சோதனை: 1999 ஆகஸ்ட்

பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டம் ஒன்றில், ஆகஸ்ட் 28 அன்று, புதிய குவார்ட்டர்பேக்கின் முழங்கால் தசைநார் அறுந்தது. பருவமே முடிந்தது அவருக்கு. அடுத்து இருந்தவர் மளிகைக் கடையில் அலமாரி அடுக்கியவர், உள்ளரங்கக் கால்பந்து ஆடியவர், ஐரோப்பாவில் ஆம்ஸ்டர்டாம் அணிக்கு ஆடியவர். முந்தைய ஆண்டு என்எஃப்எல்லில் மொத்தமே 11 பந்துகள்தான் எறிந்திருந்தார். அந்த ஆண்டு தொடக்கத்தில் கிளீவ்லேண்டின் புதிய அணி மற்ற அணிகளிலிருந்து ஆள் எடுத்துக்கொள்ள நடந்த தேர்வில், எடுக்கக் கூடாதவர்கள் பட்டியலில் ராம்ஸ் அவரைச் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். கிளீவ்லேண்டும் எடுக்கவில்லை.

பழைய மனிதராக இருந்தால் இந்த இடத்தில் என்ன செய்திருப்பார்? அனுபவம் இல்லாத ஆளை ராத்திரி பகலாக உட்கார வைத்துப் படம் காட்டியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். இந்தமுறை செய்தியாளர்கள் முன் கண்ணீரோடு, இவரைச் சுற்றி ஒன்று சேர்வோம், நல்ல கால்பந்து ஆடுவோம் என்று சொன்னார். திட்டத்தைச் சுருக்கவும் இல்லை. முதல் குவார்ட்டர்பேக்குக்காக வகுத்த அதே தாக்குதல் ஆட்டம் இரண்டாமவர் கைக்குப் போனது.

விளைவு

பருவ முடிவில் 13-3. அந்த மாற்று குவார்ட்டர்பேக் 4,353 கஜங்களும் 41 டச்டவுன்களும் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) எறிந்து லீக்கின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். அணி எடுத்த புள்ளிகள் 526.

2000 ஜனவரி 30, அட்லாண்டா, சூப்பர் பவுல். டென்னசி டைட்டன்ஸுக்கு எதிராக 16-0 என்று முன்னிலை பெற்று, 16-16 என்று சமனாகி, 73 கஜ டச்டவுனில் 23-16. கடைசி நகர்வில் டென்னசி வீரர் பந்தோடு எல்லைக் கோட்டை நோக்கிப் பாய, செயின்ட் லூயிஸ் தடுப்பாளர் அவர் கால்களைப் பிடித்து ஒரு கஜத்துக்கு முன்னால் சாய்த்தார். நீட்டிய கை கோட்டைத் தொடவில்லை. 63 வயதில் அந்தப் பட்டத்தை வென்ற அப்போதைய மிக மூத்த பயிற்சியாளர் ஆனார்.

இரண்டே நாளில் ஓய்வை அறிவித்தார். 1983 அவருக்கு ஒரு பயத்தை விட்டுச் சென்றிருக்க வேண்டும். எரிவதற்கு முன்னால் இறங்கிவிடலாம் என்று. பின்னாளில் அந்த முடிவுக்காக வருந்தியதாகச் சொல்லியிருக்கிறார். 2001இல் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பினார். செயின்ட் லூயிஸில் முழங்கால் போன அதே குவார்ட்டர்பேக்கை வியாபாரத்தில் அங்கே வரவழைத்துக்கொண்டார்.

கன்சாஸ் சிட்டியில் ஐந்து பருவங்கள் முழுதாக நின்றார், எரியாமல். 2003இல் 13-3. ஆனால் பிளேஆஃபில் இண்டியானாபொலிஸிடம் சொந்த மைதானத்தில் 38-31 என்று தோல்வி. தாக்குதல் முடங்கி, பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்க வேண்டிய நிலை இரண்டு அணிகளுக்கும் ஒருமுறைகூட வராத ஆட்டம் அது. தடுப்பு ஆட்டம் எவ்வளவு பலவீனம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அங்கே பிளேஆஃப் வெற்றி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2005 பருவத்தோடு விடைபெற்றார். 2022இல் கால்பந்துப் புகழரங்கில் சேர்க்கப்பட்டார்.

மறுபடி நடந்தால் எதை மாற்றலாம்

முதலாவது, 1979. அணி 11 வெற்றி பெற்ற ஆண்டு. முதல் சுற்றுத் தேர்வுகளும் திரும்ப வர ஆரம்பித்திருந்தன. இல்லாமையை ஈடுகட்ட வந்த முறையை, இல்லாமை நீங்கிய அன்றே மறுபரிசீலனை செய்திருக்க வேண்டும். வெற்றி வருகிற ஆண்டில் யாருக்கும் அது தோன்றாது என்பது தெரியும். அதனால்தான் அதை வெளியிலிருந்து ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது. அணியின் நிர்வாகத்துக்கு அந்தக் கடமை இருந்தது. தலைமைப் பயிற்சியாளர் ஸ்டேடியத்தில் படுத்துத் தூங்குவதை அர்ப்பணிப்பு என்று பாராட்டியவர்கள் இருந்தார்கள். வீட்டுக்குப் போ என்று சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவர் தேவைப்பட்டார்.

இரண்டாவது, திரும்பி வரும் நேரம். பர்ன்அவுட்டுக்குப் பிறகு ஒருவர் வேலைக்குத் திரும்பும்போது, நன்றாக ஓய்வெடுத்தாயா என்று மட்டும் கேட்கிறோம். முன்பு செய்ததில் எதைச் செய்யப் போவதில்லை என்று கேட்பதில்லை. 1997இல் அந்தக் கேள்வியை யாராவது அவரிடம் கேட்டு, பதிலை ஒரு தாளில் எழுதி வாங்கியிருந்தால், 9 வெற்றி 23 தோல்வி என்று போன அந்த இரண்டு பருவங்களில் ஒன்றாவது மிஞ்சியிருக்கும் என்று நம்புகிறேன்.

மூன்றாவது, 2000 பிப்ரவரி. 1983இன் ராஜினாமா நீண்ட காலம் வேதனையை அனுபவித்ததின் முடிவு. 2000இன் அறிவிப்போ வெற்றியின் சூடு ஆறுவதற்குள் வந்தது. ஒரு மாதம் தள்ளிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. அவர் விட்டுச்சென்ற அணி, தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக இருந்தவரின் தலைமையில், 2002இல் மறுபடி சூப்பர் பவுலுக்குப் போய் 20-17 என்று தோற்றது. அந்த நேரம் அவர் கன்சாஸ் சிட்டியில் 6-10 என்று முதல் பருவத்தை முடித்திருந்தார்.